தக்காளி ஈயும் தாவும் துண்டும்

தருமபுரி மாவட்டம் பாலக்கோடு பக்கம் போனால், அழுகின தக்காளியைக் கொட்டிவைத்த இடத்தைப் பாருங்கள். காலால் லேசாகத் தட்டினால் போதும், எள்ளளவு ஈக்கள் குபுகுபுவென்று கிளம்பும். செக்கச்சிவந்த கண், பழுப்பு உடம்பு. அதுதான் டிரோசோபிலா என்னும் பழ ஈ. மாங்காய்க்குள் புழு வைக்கிற ஈ வேறு; அது இதைவிடப் பெரியது.

இந்தச் சின்ன ஈயின் டி.என்.ஏ.வில் ‘பி’ என்றொரு துண்டு உண்டு. நீளம் 2,907 எழுத்துதான். ஆனால் ஓரிடத்தில் நிற்காது, தாவும்! எப்படி? டிரான்ஸ்போசேஸ் என்ற நொதியைச் செய்யும் குறிப்பு அந்தத் துண்டுக்குள்ளேயே இருக்கிறது. துண்டின் இரு முனைகளையும் அடையாளம் கண்டு வெட்டியெடுப்பதும் அந்த நொதிதான். வேறோரிடத்தில் சேர்ப்பதும் அதுதான். தையல்காரரின் கத்தரியும் ஊசியும் ஒன்றாகவே இருந்தால் எப்படி, அப்படி! போய்ச் சேர்ந்த இடத்தில் ஒரு மரபணு இருந்தால் அது கெட்டுப்போகலாம்.

வேடிக்கையைக் கேளுங்கள். நூறு வருடத்துக்கு முன் அமெரிக்காவில் தாமஸ் ஹன்ட் மார்கன் என்ற விஞ்ஞானி புட்டியில் வளர்த்த ஈக்களிடம் ‘பி’ கிடையாது. இன்று உலகெங்கும் வெளியில் திரியும் ஈக்களிடம் இருக்கிறது. நடுவில் எங்கிருந்து வந்தது? வில்லிஸ்டோனி என்ற அமெரிக்கக் கண்டத்துப் பழ ஈயிடமிருந்து. இரண்டு இனத்துக்கும் கலப்பே நடக்காது. ஆனால் இரண்டின் ‘பி’யையும் ஒப்பிட்டால் ஒரே ஓர் எழுத்துதான் வித்தியாசம்! நுண்ணிய உண்ணி ஒன்று கடத்தி வந்திருக்கலாம் என்று சந்தேகிக்கிறார்கள். எனக்கு அந்த உண்ணிமேல்தான் கண்.

வெளி ஈ அப்பா, பழைய புட்டி ஈ அம்மா என்றால் வம்பு. வெதுவெதுப்பான இடத்தில் வளரும் பிள்ளைகள் பார்க்க நன்றாகவே இருக்கும். பெரிதானதும் முட்டையிட முடியாது. 1977இல் மார்கரெட் கிட்வெல் என்ற விஞ்ஞானியின் குழுவினர் இதை விவரமாக எழுதினார்கள். அம்மாவையும் அப்பாவையும் மாற்றிப் போட்டால் ஒரு குறையும் இல்லை! ‘பி’ உள்ள அம்மா, அதை அடக்கிவைக்கும் சின்னஞ்சிறு ஆர்.என்.ஏ. துணுக்குகளை முட்டைக்குள்ளேயே வைத்து அனுப்புகிறாள். புட்டி அம்மாவிடம் அவை இல்லை.

இந்தத் தாவலை விஞ்ஞானிகள் விட்டுவைப்பார்களா? 1982இல் ஸ்ப்ராட்லிங், ரூபின் இருவரும் கண் நிறத்துக்கான மரபணுவை ‘பி’க்குள் வைத்து, அந்த மரபணு பழுதான ஈயின் கருவுக்குள் ஊசியால் செலுத்தினார்கள். அடுத்த தலைமுறையில் சிவப்புக் கண் ஈக்கள் பிறந்தன. நமக்குப் பக்கத்துப் பெங்களூரில், என்.சி.பி.எஸ். ஆய்வு வளாகத்தில், ஈ முட்டைக்கு இப்படி ஊசி போடவே தனிப் பிரிவு இருக்கிறது.