கேபிள் உராய்வும் சைக்கிள் துருவும்

சைக்கிளின் முன்குழாயை உற்று நோக்கினால், ஹேண்டில்பாருக்குச் சற்றுக் கீழே, விரல்நகம் அளவில் வண்ணம் தேய்ந்த ஓர் இடம் புலப்படக்கூடும். பிரேக் கேபிள் நாள்தோறும் உராய்ந்து ஏற்படுத்திய தழும்பு அது. தோற்றத்திற்கு நேர்ந்த குறை என்று மட்டுமே எண்ணிப் பலரும் அதனைப் பொருட்படுத்துவதில்லை. ஆயினும், பேருந்து செல்லாத சிற்றூர்களுக்குச் சைக்கிளிலேயே சென்று வரும் களப் பணியாளருக்கும் ஆசிரியருக்கும் வண்டியின் உறுதியும் பிரேக்கின் நம்பகமும் இன்றியமையாதவை. இவ்விரண்டும் அச்சிறு தழும்புடன் தொடர்புடையன.

தேய்ப்பது எது?

கேபிளின் மேலுறை பிளாஸ்டிக்கால் ஆனது. குழாயோ எஃகினால் ஆனது. மென்மையான பொருள் கடினமான பொருளை எவ்வாறு தேய்க்க இயலும் என்னும் ஐயம் எழுவது இயல்பே. இதற்கு விடை புழுதியில் உள்ளது. சாலைப் புழுதியில் குவார்ட்ஸ் என்னும் படிக மணல்துகள்கள் கலந்துள்ளன. கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தும் மோஸ் அளவுகோலில் குவார்ட்ஸின் எண் 7. சாதாரண எஃகு 4க்கும் 5க்கும் இடைப்பட்டது. வண்ணப்பூச்சு அதனினும் மென்மையானது. துகள்கள் மேலுறையில் பதியவே, அவ்வுறை உப்புத்தாளின் தன்மையைப் பெறுகிறது. ஹேண்டில்பார் திரும்புந்தோறும், வண்டி அதிருந்தோறும் அது ஒரே இடத்தைத் தேய்க்கிறது.

பூச்சு நீங்கிய இடத்தில் இரும்பு, ஈரம், பிராணவாயு ஆகிய மூன்றும் கூடுகின்றன, துரு தோன்றுகிறது. இது மின்வேதியியல் மாற்றமாகும். உப்பு கரைந்த நீர் மின்சாரத்தை எளிதில் கடத்துவதால் கடற்கரைப் பகுதிகளில் துரு விரைந்து பரவும். இரும்பைவிடத் துரு மிகுதியான இடத்தை அடைப்பது. எனவே அது அருகிலுள்ள நல்ல பூச்சையும் பெயர்த்தெடுத்து உட்புகுகிறது. தில்லியின் இரும்புத்தூண் ஏறத்தாழ 1,600 ஆண்டுகளாக நிலைத்திருப்பதற்கு, அதன் இரும்பில் மிகுந்துள்ள பாஸ்பரஸ் உண்டாக்கிய காப்புப் படலம் முக்கிய காரணம். சைக்கிள் குழாய்க்கு அத்தகைய காப்பு இல்லை. வண்ணப்பூச்சே அதன் கவசம்.

உராய்வினால் மேலுறையும் தேய்கிறது. அதனுள் இருக்கும் எஃகுச் சுருள் வெளிப்பட்டால் நீர் உட்புகுந்து பிரேக்கின் உள்கம்பி துருப்பிடிக்கும். புரிகள் ஒவ்வொன்றாக அறும். இத்தகைய கேபிளை உடனே மாற்றுதல் வேண்டும்.

சீர்செய்யும் முறை

முதலில் ஹேண்டில்பாரை இருபுறமும் முழுமையாகத் திருப்பி, கேபிள் எங்கெங்கே படுகிறது என்பதைக் குறித்துக்கொள்க. பின்னர் அவ்விடத்தைச் சோப்பு நீரால் கழுவி உலர்த்துக. மெல்லிய உப்புத்தாளால், பளபளப்பான உலோகம் தெரியும்வரை துருவைத் தேய்த்து நீக்குக. பழைய பூச்சில் ஈயம் இருக்கக்கூடுமாதலால், தூளைச் சுவாசிக்காதவாறு மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுதல் நலம். தின்னர் தோய்த்த துணியால் துடைத்து, துருத்தடுப்புப் பிரைமரை ஒருமுறையும், அது உலர்ந்தபின் எனாமலை மெல்லியதாக இருமுறையும் பூசுக. தின்னர் எளிதில் தீப்பற்றும். அடுப்பின் அருகே இதனைச் செய்யலாகாது. குழாயில் ஆழ்ந்த குழியோ வெடிப்போ காணப்படின், பூச்சினால் அதனை மறைக்காது, தேர்ந்த பழுதுபார்ப்பவரிடம் காட்டுதல் வேண்டும்.

பூச்சு சில நாட்கள் நன்கு இறுகியபின், கேபிள் படும் இடத்தில் ஒட்டும் நாடாவைக் காற்றிடைவெளி இன்றிப் பதித்து ஒட்டுக. துணியையோ பழைய டியூபையோ தளர்வாகச் சுற்றுதல் தவறு. அது மழைநீரைத் தேக்கி, கண்ணுக்குத் தெரியாமல் துருவை வளர்க்கும். கேபிள் மிக நீளமாயின் ஆடி உராயும். மிகக் குட்டையாயின் திருப்பத்தில் இழுபட்டுப் பிரேக் தானே பிடிக்கும். இரண்டிற்கும் இடைப்பட்ட அளவே தக்கது. வாரம் ஒருமுறை கேபிளை ஈரத்துணியால் துடைத்து உலரவிட்டால், தேய்மானத்தின் முதற் காரணமான புழுதி அகலும்.

வகுப்பறைச் சோதனை

வண்ணம் பூசிய தகரத் துண்டுகள் இரண்டினை எடுத்துக்கொள்க. ஒன்றினை ஈரமான நூற்கயிற்றாலும், மற்றொன்றினை மணலில் தோய்த்த அதே கயிற்றாலும் சம எண்ணிக்கையில் தேய்க்கச் செய்க. பின்னர் இரண்டையும் ஈரத்துணியின்மீது சில நாட்கள் வைத்து நோக்குக. எதன் பூச்சு முதலில் தேய்ந்தது, எங்கே துரு தோன்றியது என்பதை மாணவர் தாமே கண்டு எழுதலாம். தேய்ப்பது கயிறன்று, அதில் ஒட்டிய மணலே என்பது அப்போது விளங்கும்.

ஒரு துணியும் ஒரு சிறு நாடாவும் செய்யும் காவல், பின்னர் புதிய குழாய்க்கு ஆகும் பெருஞ்செலவைத் தவிர்க்கும். வழியில் பிரேக் அறுந்து நேரக்கூடிய விபத்தையும் தடுக்கும்.