மஞ்சள் கடுதாசியும் மறுமைக் கணக்கும்



கடைவீதியில் ஒரு கடை இரண்டு நாள் திறக்கப்படவில்லையெனில், மூன்றாம் நாள் "அவர் மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டாராம்" என்ற பேச்சு ஊரெங்கும் பரவி விடுகிறது. நீதிமன்ற வட்டாரத்தில் "ஐ.பி. போட்டுவிட்டார்" என்பார்கள். இரண்டையுமே ஏதோ களவுக் குற்றத்தைச் சொல்வது போலத்தான் சொல்லுகிறோம். பிறர் பணத்தைச் சுருட்டிக்கொண்டு இவ்வழியில் ஒளிந்தவர்களும் உண்டு என்பது மெய்யே. ஆனால் நேர்மையாக வாணிபம் செய்து, நேர்மையாகவே நொடித்துப் போன மனிதனுக்கும் இதே கதவுதான் திறந்திருக்கிறது. அவன் அதைத் தட்டலாமா? மார்க்கம் அதற்கு என்ன சொல்லுகிறது?

நொடித்தவனை அரபியில் 'முஃப்லிஸ்' என்பர். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஒருமுறை தோழர்களிடம் முஃப்லிஸ் யாரென வினவினார்கள். காசும் பொருளும் இல்லாதவன் என்று தோழர்கள் விடையளித்தனர். பெருமானாரோ, தொழுகையும் நோன்பும் ஸகாத்தும் சுமந்து மறுமைக்கு வந்து, பிறரை ஏசியும் அடித்தும் பிறர் பொருளை உண்டும் இருந்த காரணத்தால் அந்நன்மைகளையெல்லாம் அவர்களுக்கு ஈடாகக் கொடுத்துவிட்டு வெறுங்கையனாக நிற்பவனையே அப்பெயரால் குறித்தார்கள். இச்செய்தியைச் சொற்பொழிவுகளில் பலமுறை கேட்டிருப்பீர்கள். இம்மையில் காசிழந்தவனை இழிவுபடுத்தும் சொல் ஒன்றும் அதில் இல்லை என்பதைக் கவனித்தீர்களா?

இதனினும் நேராக நம் பொருளைத் தொடும் நிகழ்ச்சி ஒன்றை அபூ ஸயீத் அல்குத்ரீ (ரலி) அவர்கள் அறிவிக்க, இமாம் முஸ்லிம் (ரஹ்) பதிந்திருக்கிறார்கள். ஒருவர் மரத்துக் கனிகளை விலைக்கு வாங்கினார். கனிகள் கெட்டழிந்தன, கடன் பெருகிற்று. அவருக்குத் தருமம் செய்யுமாறு நபிகளார் மக்களைப் பணித்தார்கள். மக்கள் கொடுத்தார்கள், போதவில்லை. அப்பொழுது கடனீந்தோரை நோக்கி, கிடைப்பதை எடுத்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் உங்களுக்கு இல்லை என்ற கருத்தில் தீர்ப்பளித்தார்கள். முதலில் ஊராரின் உதவி, அடுத்து உள்ளதைப் பகிர்தல், பின்னர் நெருக்குதலை நிறுத்துதல் என்னும் இந்த வரிசை நம் கருத்துக்குரியது. இன்று நாம் முதற்படியை விட்டுவிட்டு மூன்றாம் படிக்கு நீதிமன்றத்துக்கு ஓடுகிறோம். திருமறையின் ஒன்பதாம் அத்தியாயம் ஸகாத் பெறத் தக்க எட்டு வகையினருள் கடனில் மூழ்கியவரையும் சேர்த்திருக்கிறது. ரமலானில் ஸகாத் பங்கிடும் ஜமாஅத்துகளுள் எத்தனை இந்த வகையினரைத் தேடிச் செல்லுகின்றன?

நொடித்தவனின் சொத்தை நீதிபதி முடக்கி விற்றுப் பங்கிடலாமா என்பதில் இமாம்களிடையே கருத்து வேற்றுமை இருந்தது. அறிவும் பருவமும் எய்தியவனின் சொத்துரிமையை அவ்வாறு முடக்குவதை இமாம் அபூஹனீஃபா (ரஹ்) ஏற்கவில்லை. அவர்களின் மாணவர்களான இமாம் அபூயூசுஃப், இமாம் முஹம்மத் இருவரும், இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களும் ஏற்றார்கள்.

இனி நம் நாட்டுச் சட்டத்துக்கு வருவோம். 2016இல் புதிய நொடிப்புச் சட்டம் இயற்றப்பட்டதெனினும், தனிமனிதருக்குரிய அதன் பகுதி, நிறுவனக் கடனுக்குப் பிணை நின்றோருக்கு மட்டுமே 2019 டிசம்பர் முதல் நடைமுறைக்கு வந்தது. ஏனையோருக்குப் பழைய சட்டங்களே வழங்குகின்றன. சென்னை நகரில் 1909ஆம் ஆண்டுச் சட்டம். வெளியூர்களில் 1920ஆம் ஆண்டு மாகாண நொடிப்புச் சட்டம். பின்னதன்படி, கடனை அடைக்க இயலாதவராகவும், கடன் 500 ரூபாய்க்குக் குறையாதவராகவும் இருப்பவர் மனுச் செய்யலாம். அந்தத் தொகை வெள்ளைக்காரர் காலத்தது. இன்று ஒரு நாள் சந்தைச் செலவு!

உள்ளூர் வழக்கறிஞர் ஒருவரை நாடுவது இங்கேதான் பயன் தரும். அந்த நீதிமன்றத்தின் நடைமுறையையும் 'ரிசீவர்' எனப்படும் சொத்துப் பொறுப்பாளரையும் அவர் அறிவார். கட்டணம் கொடுக்க வகையற்றோர் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பெண்களுக்கு வருமான வரம்பின்றியே அவ்வுதவி உண்டு.

வழக்கறிஞரிடம் எதையும் மறைக்காதீர்கள். யார் யாருக்கு எவ்வளவு, அவர்கள் எங்கே வசிக்கிறார்கள், தமக்குள்ள சொத்து யாது, அது எங்கே உள்ளது, மதிப்பென்ன என்ற விவரங்கள் யாவும் மனுவில் ஏற வேண்டும். புரோநோட்டு எழுதாமல் கைமாற்றாக வாங்கியதும் கடனே. கந்துவட்டிக்காரரின் கணக்கை ஏற்க முடியாவிடினும் பெயரை விட்டுவிடாமல், கணக்கில் தகராறு உண்டென்று குறிக்கச் சொல்லுங்கள். உடுதுணி, சமையற் பாத்திரம், படுக்கை, கைவினைஞரின் கருவிகள் போன்றவற்றைச் சட்டம் தொடுவதில்லை. மற்றவை ரிசீவரின் கைக்குப் போகும். வேண்டுமென்றே மறைத்தால் ஓராண்டு வரை சிறை உண்டு.

நம் இல்லங்களில் அடிக்கடி நிகழும் தவறொன்று இருக்கிறது. தொழில் தள்ளாடத் தொடங்கியதும், வீட்டை மனைவி பெயருக்கு ஹிபாவாக எழுதி வைக்கிறோம். அல்லது கொடுபடாத மஹருக்கு ஈடென்று பத்திரம் பதிகிறோம். மனுவுக்கு முந்திய ஈராண்டுக்குள் உரிய விலையின்றி மாற்றிய சொத்தை ரிசீவர் செல்லாததாக்கக் கேட்கலாம். மைத்துனருக்கு மட்டும் முன்கூட்டிக் கொடுத்துவிட்டு ஏனையோரைக் கைவிட்டால், மூன்று மாதத்துக்குட்பட்ட அத்தகைய சலுகையும் நிற்காது. மஹர் உண்மையான கடனே, ஐயமில்லை. ஆனால் நம் நாட்டு நீதிமன்றங்கள் அதை ஈடில்லாக் கடனாகவே கருதுவதால், மனைவியும் ஏனைய கடனீந்தோருடன் ஒருவராகத் தம் உரிமையை மெய்ப்பித்துப் பங்கு பெற வேண்டும். அந்த அம்மையாரின் பெயரையும் பட்டியலில் எழுதுவதுதான் நேர்மை. அவருடைய பெயருக்குள் ஒளிந்துகொள்வது நேர்மையன்று.

சிறைக்கு அஞ்சி மனுச் செய்வோர் பலர். பணத் தீர்ப்புக்காகப் பெண்களைச் சிறையிலிடச் சட்டம் இடந்தருவதில்லை. ஆண்களுக்கும், கொடுக்க வழியிருந்தும் கொடுக்காத தீய எண்ணம் இருந்தாலன்றி, வெறும் வறுமைக்காகச் சிறை கூடாதென்று 1980இல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தீர்ப்புரைத்தார். வசதியுள்ளவன் இழுத்தடிப்பதை அநீதி என்றும், நெருக்கடியில் உள்ளவனுக்கு அவகாசம் தர வேண்டும் என்றும் நம் மார்க்கம் பிரித்துக் காட்டியிருப்பது இங்கே நினைவுக்கு வருகிறது.

நொடித்தவரென அறிவித்த பின், நீதிமன்ற அனுமதியின்றிக் கடனீந்தோர் புதிய வழக்குத் தொடுக்க முடியாது. ஆயினும் அடமானம் பிடித்தவரின் உரிமை அப்படியே இருக்கும். பிணைக் கையெழுத்திட்டவரும் தப்புவதில்லை. உங்களுக்காகக் கையெழுத்திட்ட மச்சானிடம் மனுச் செய்யும் முன்பே இதைச் சொல்லிவிடுங்கள். விடுதலை ஆணை பெறும் வரை, 50 ரூபாயோ அதற்கு மேலோ கடன் கேட்டால் தம் நிலையைச் சொல்லியாக வேண்டும். சட்டமன்ற உறுப்பினராகவும் இயலாது. நம்மில் பலருக்கு இது பெரிய இழப்பன்று.

விடுதலைக்கு நீதிமன்றம் குறிக்கும் கெடுவுக்குள் மறுபடி மனுச் செய்ய வேண்டும். இதை மறந்தால் நொடிப்பு அறிவிப்பே நீக்கப்பட்டுக் கடனீந்தோர் பழையபடி வாசலில் நிற்பர். இடையில் சமரசத்துக்கும் வழியுண்டு. கடனை மெய்ப்பித்து நேரிலோ வழக்கறிஞர் வாயிலாகவோ கூடியோருள் எண்ணிக்கையில் பெரும்பான்மையரும், தொகையில் நான்கில் மூன்று பங்கினரும் ஒப்பினால், நீதிமன்றம் அத்திட்டத்தை ஏற்கலாம். ஜமாஅத்துப் பெரியவர்கள் துணை நிற்க வேண்டிய இடம் இதுவே.

விடுதலை ஆணை கிடைத்துவிட்டது, கடன் தீர்ந்ததா? சட்டத்தின் முன் பெரும்பாலும் தீர்ந்தது. அரசுக்குரியதும், மோசடியால் வந்ததும், நீதிமன்றம் விதித்த ஜீவனாம்சமும் மட்டும் நிற்கும். மார்க்க அறிஞர்களோ, கடனீந்தவர் மனமுவந்து விட்டுக்கொடுத்தாலன்றி எஞ்சிய தொகை அவனுடைய பொறுப்பில் நிற்கிறதென்பர். ஜனாஸா தொழுகைக்கு முன் இறந்தவருக்குக் கடனுண்டா என்று பெருமானார் (ஸல்) கேட்டதும், உண்டென்றதும் தாம் தொழுவிக்காது தோழர்களைத் தொழச் சொன்னதும், அபூகதாதா (ரலி) அக்கடனை ஏற்ற பின்னரே தொழுவித்ததும் நீங்கள் அறிந்தவை. பிற்காலத்தில் வசதி வந்தால் மீதியைக் கொடுப்பதை எந்த நீதிமன்றமும் தடுப்பதில்லை.

ஆகவே வழக்கறிஞர் அணியம் செய்த அந்தக் கடன் பட்டியலின் நகல் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ரிசீவர் யாருக்கு எவ்வளவு கொடுத்தார், யார் எவ்வளவை விட்டுக்கொடுத்தார் என்பதை அதன் ஓரத்தில் நாளிட்டுக் குறித்து, அது பெட்டியில் எங்கே இருக்கிறதென்று மனைவியிடமும் மூத்த பிள்ளையிடமும் சொல்லி வையுங்கள்.