பழைய வீடும் கூடுதல் மின்பளுவும்

நாற்பது, ஐம்பது ஆண்டுகளுக்கு முன் தமிழ்நாட்டில் கட்டப்பட்ட பெரும்பாலான வீடுகளில் விளக்கு, மின்விசிறி, ரேடியோ ஆகியவற்றை மனதில் வைத்தே வயரிங் செய்யப்பட்டது. மரச்சட்டத்தின் மீது ஓடும் மெல்லிய அலுமினியக் கம்பி, பீங்கான் ஃபியூஸ் கட்டை, பெயரளவுக்கு ஒரு எர்த்: ஏற்பாடு இவ்வளவுதான். சமையல், வெந்நீர், குளிர்ச்சி எல்லாம் மின்சாரத்துக்கு மாறும்போது அதே கம்பி பல மடங்கு பளுவைச் சுமக்க நேரிடுகிறது. 2,000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு மட்டுமே 8 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். பழைய 5 ஆம்பியர் பிளக்கில் அதைச் செருகினால் பிளக் கருகும்.

ஆபத்து பெரும்பாலும் இணைப்புகளில்தான் தொடங்குகிறது. சூடாகிக் குளிரும் அலுமினியக் கம்பி திருகாணியடியில் தளர்ந்து, தளர்ந்த இடம் மேலும் சூடேறும். அடிக்கடி ஃபியூஸ் போகிறதென்று தடித்த கம்பியைக் கட்டிவிடுவது பல வீடுகளில் நடக்கிறது. வயரை அதன்பின் காப்பாற்ற எதுவும் இல்லை. அடுப்பு, கீசர், ஏசி ஒவ்வொன்றுக்கும் தேவையான தடிமனில் தனிச் செம்புக் கம்பியும் பளு மீறினால் தானே துண்டிக்கும் தனி எம்.சி.பி.யும் வேண்டும். எம்.சி.பி. வயரைக் காக்கும், ஆளைக் காப்பது மின்கசிவைக் கண்டு துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இரண்டும் ஒன்றென நினைத்து முன்னதோடு நிறுத்திக்கொள்வது ஆபத்து. வேலையை உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரரிடம் கொடுத்து, எர்த் சோதனை முடிவை எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

மீட்டர்வரை பொறுப்பு மின்வாரியத்துடையது, அதற்குப்பின் வீட்டுக்காரருடையது. அனுமதிக்கப்பட்ட மின்பளு போதாவிட்டால் கூடுதல் பளுவுக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். வாடகை வீட்டில், 2017ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறாகச் சொல்லப்படாதவரை வயரிங் பராமரிப்பு உரிமையாளரின் கடமை. சுவிட்சு, பிளக் பழுது வாடகைதாரருடையது. தகராறு வந்தாலும் மின்சாரத்தையோ தண்ணீரையோ உரிமையாளர் நிறுத்தக் கூடாது.

அடுத்தது பில். 14.2 கிலோ சமையல் எரிவாயு சிலிண்டரில் ஏறத்தாழ 180 யூனிட்டுக்கு ஈடான வெப்பம் இருக்கிறது. கேஸ் அடுப்பில் வீணாகும் பங்கைக் கழித்தால், அதே சமையலுக்கு இண்டக்‌ஷனில் சுமார் 100 முதல் 140 யூனிட் செலவாகலாம். குறிப்பிட்ட அளவு யூனிட் இலவசம் என்றாலும், அடுக்கடுக்காக ஏறும் கட்டணத்தில் இந்தக் கூடுதல் யூனிட்டுகள் மேல் அடுக்கிலேயே விழும். எனவே முதலில் தேவையைக் குறைப்பதே சிக்கனம். 75 வாட் பழைய மின்விசிறிக்குப் பதில் பி.எல்.டி.சி. விசிறி சுமார் 30 வாட்டில் ஓடும். மொட்டை மாடிக்கு வெப்பத்தைத் திருப்பும் வெள்ளைப் பூச்சு அடித்தால் ஏசியின் வேலை குறையும். விற்பனையாளர்கள் வழக்கமாக சோலாரிலிருந்து பேச்சைத் தொடங்குவார்கள். அது கடைசியில் வரவேண்டியது.

சோலாருக்கு 2024இல் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டம் முதல் 2 கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாய், மூன்றாவதற்கு 18,000 ரூபாய் என அதிகபட்சம் 78,000 ரூபாய் மானியம் தருகிறது. பதிவுபெற்ற நிறுவனம் பொருத்தியிருக்க வேண்டும். பேனல் உள்நாட்டில் செய்ததாக இருக்க வேண்டும். 2024இல் திருத்தப்பட்ட மின்நுகர்வோர் உரிமை விதிகளின்படி, 10 கிலோவாட் வரையிலான விண்ணப்பத்தைத் தொழில்நுட்ப ஆய்வைக் காரணம் காட்டி நிறுத்திவைக்க முடியாது. விளம்பரங்கள் அதிகம் பேசாத விஷயம் ஒன்று உண்டு: பேட்டரி இல்லாத சோலார், மின்தடை வந்தால் பட்டப்பகலிலும் நின்றுவிடும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையின் பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. அதனால் சமையலுக்கு ஒரு சிலிண்டரை வைத்திருப்பது பின்னடைவு ஆகாது.

மீட்டர் வேகமாக ஓடுவதாகச் சந்தேகம் எழுந்தால், புகார் கொடுத்த 5 நாளுக்குள் மின்வாரியம் சரிபார்ப்பு மீட்டர் ஒன்றைக் கூடுதலாகப் பொருத்தி, குறைந்தது 3 மாதம் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பதும் அந்த மின்நுகர்வோர் உரிமை விதிகளில் உள்ளது. மின்வாரியத்தின் மின்னகம் புகார் எண்ணில் தீராத புகார், அந்தந்த மின் பகிர்மான வட்டத்தின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றத்துக்கும், அங்கும் தீராவிட்டால் மின் குறைதீர்ப்பாளருக்கும் போகும். சோலார் நிறுவனமோ ஒப்பந்ததாரரோ குறையான வேலை செய்திருந்தால் 1915 நுகர்வோர் உதவி எண், அதன்பின் மாவட்ட நுகர்வோர் ஆணையம். வழக்குக்கான காரணம் எழுந்த 2 ஆண்டுக்குள் மனு போட வேண்டும். ரசீதும் ஒப்பந்தமும் சோதனை அறிக்கையும் அப்போது சான்றாகும்.