கழிவுநீர் நிலையத்தில் மின்சாரம் எங்கே போகிறது?

கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையமொன்றின் மின்செலவைக் குறைப்பது என்றதும் பலரும் சோலார் பெனலைத்தான் நினைப்பார்கள். ஆனால் தொடங்க வேண்டிய இடம் மீற்றர். எந்த இயந்திரம் எவ்வளவு எடுக்கிறது என்று தனித்தனியே அளக்காத திட்டம் கடதாசியோடு நின்றுவிடும்.

அளந்து பார்த்தால் பெரும்பாலும் அகப்படுவது காற்றூதிகள். அழுக்கைத் தின்னும் பக்டீரியாக்களுக்கு ஒட்சிசன் தேவை. அதற்காகத் தொட்டிகளுக்குள் இரவு பகலாகக் காற்று ஊதப்படுகிறது. நிலையத்தின் மின்சாரத்தில் ஏறக்குறையப் பாதி இதற்கே போய்விடும். நள்ளிரவில் வரும் கழிவுநீர் குறைவு. காற்று மட்டும் பல இடங்களில் குறைவதில்லை. நீரில் கரைந்துள்ள ஒட்சிசனை அளக்கும் உணரியைப் பொருத்தி, அதற்கேற்பக் காற்றைக் கூட்டிக் குறைக்கலாம்.

அதைச் செய்ய இயக்குநர் ஏன் தயங்குகிறார்? நீரின் தரம் தவறினால் பழி அவர் மீது. பில் கூடினால் அவரிடம் யாரும் கேட்பதில்லை. வீட்டில் ஏசி போடுபவர் ஒருவர், கரண்ட் பில் கட்டுபவர் இன்னொருவர் என்ற கதைதான். மாதாந்த பில் அவர் மேசைக்கும் வர வேண்டும்.

விரயத்தை அடைத்த பிறகுதான் உற்பத்தி. ஜோர்தானின் அஸ்-ஸம்ரா நிலையத்துக்கு, உயரத்திலுள்ள அம்மானிலிருந்து கழிவுநீர் இறங்கி வருகிறது. அந்த விசையில் டர்பைன்கள் சுழல்கின்றன. சேற்றிலிருந்து கிடைக்கும் மீதேன் வாயுவும் மின்சாரமாகிறது. தனது தேவையில் சுமார் 80 வீதத்தை அந்நிலையம் இப்படித் தானே உற்பத்தி செய்துகொள்கிறது.