எடிட்டிங் கணினிக்கு எந்த கிராபிக்ஸ் கார்டு?

வளைகாப்பு, காதுகுத்து, பள்ளி ஆண்டுவிழா போன்ற நிகழ்ச்சிகளைக் கைப்பேசியிலேயே 4கே தெளிவில் படம்பிடித்து, வீட்டுக் கணினியிலேயே வெட்டி ஒட்டி, பாட்டும் தலைப்பும் சேர்த்து முழுப்படமாக்கும் வழக்கம் பரவியதிலிருந்து, பழைய மேசைக்கணினிகளின் மீது முன்பு இல்லாத சுமை ஏறியிருக்கிறது. எடிட்டிங் மென்பொருளில் காட்சி தடுக்கித் தடுக்கி ஓடுகிறது, ஒவ்வொரு வெட்டுக்குப் பின்னும் திரை உறைந்து நிற்கிறது, சிறிய படம் எக்ஸ்போர்ட் ஆகவே மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கிறது என்ற குறைகளுக்குக் கடைகளில் கிடைக்கும் முதல் பதில், நல்ல கிராபிக்ஸ் கார்டு ஒன்றைப் போடுங்கள் என்பதே. பல கணினிகளுக்கு இந்தப் பதில் பொருந்தும் என்றாலும், கார்டைத் தேர்ந்தெடுக்கும்போது கணினி விளையாட்டுகளில் அது காட்டும் வேகத்தையே அளவுகோலாகக் கொள்வதால்தான் பெரும்பாலும் பணம் வீணாகிறது. வீடியோ எடிட்டிங்கில் கார்டு செய்யும் வேலைகள் வேறு. அவற்றைச் செய்யும் உறுப்புகளும் ஒரே சில்லுக்குள் தனித்தனியாக அமைந்தவை.

ஆயிரக்கணக்கான சிறு கணக்கிகளைக் கொண்டு, ஒரே வகைக் கணக்கைப் பல பிக்சல்களுக்கு ஒரே நேரத்தில் போடும் சில்லுதான் ஜிபியு. 1999-இல் ஜிஃபோர்ஸ் 256 என்ற கார்டை வெளியிட்ட என்விடியா நிறுவனமே இந்தப் பெயரைப் பரவலாக்கியது. விளையாட்டுக் காட்சிகளை வரைவதற்கென்று பிறந்த இந்தச் சில்லை வேறு கணக்குகளுக்கும் பயன்படுத்த வழிசெய்யும் கூடா என்ற ஏற்பாட்டை அதே நிறுவனம் 2006-இல் அறிவித்தது. 2010-இல் வந்த அடோபி பிரீமியர் சிஎஸ்5 அதைக் கொண்டு காட்சி விளைவுகளை கார்டிலேயே கணக்கிடத் தொடங்கியது. வீடியோவைச் சுருக்கவும் விரிக்கவும் மட்டுமே அமைந்த நிரந்தர மின்சுற்றுகள் தனி வரலாறு உடையவை. இன்டெல் தன் இரண்டாம் தலைமுறை கோர் பிராசஸர்களில் 2011-இல் குயிக் சிங்க் என்ற பெயரிலும், என்விடியா 2012-இல் என்வென்க் என்ற பெயரிலும் சுருக்கும் சுற்றைக் கொண்டுவந்தன. விளையாட்டு வேகத்துக்கும் இந்தச் சுற்றுகளுக்கும் தொடர்பு மிகக் குறைவு.

இத்தகைய சுற்று ஏன் தேவைப்படுகிறது என்பது ஒரு சிறு கணக்கில் விளங்கும். 4கே காட்சியின் ஒரு ஃபிரேமில், அதாவது ஓடும் படத்தின் ஒரு தனிப்படத்தில், அகலவாக்கில் 3,840, உயரவாக்கில் 2,160 என 82,94,400 பிக்சல்கள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று 3 பைட் வேண்டும் என்றால் ஒரு ஃபிரேமுக்கு ஏறத்தாழ 2.5 கோடி பைட், நொடிக்கு 25 ஃபிரேம் என்றால் 62 கோடி பைட் ஆகிறது. நொடிக்கு 5 கோடி பிட் வேகத்தில் பதியும் கைப்பேசியோ அதே காட்சியை நொடிக்கு 62.5 லட்சம் பைட்டில், அதாவது நூறில் ஒரு பங்கில், அடக்கிவிடுகிறது. இதைச் சாதிக்கும் சுருக்க முறைக்கு கோடெக் என்று பெயர். 2003-இல் தரநிலையான எச்.264, 2013-இல் வந்த எச்.265, 2018-இல் வந்த ஏவி1 ஆகியவை இன்று புழக்கத்தில் உள்ளவை. இவை ஒவ்வொரு ஃபிரேமையும் முழுமையாகச் சேமிப்பதில்லை. முழு ஃபிரேம் ஒன்றைப் பதிந்துவிட்டு, அடுத்து வரும் பல ஃபிரேம்களுக்கு முன்னும் பின்னும் உள்ளவற்றிலிருந்து என்ன மாறியது என்பதை மட்டும் குறித்துவைக்கின்றன. படத்தை நேராக ஓட்டிப் பார்க்கும்போது இதனால் தொல்லை இல்லை. எடிட்டிங் செய்பவரோ டைம்லைனில் நினைத்த இடத்துக்குத் தாவுகிறார், பின்னோக்கி இழுக்கிறார். அவர் நிற்கும் அந்த ஒரு ஃபிரேமைக் காட்டுவதற்குக் கணினி முந்தைய முழு ஃபிரேமைத் தேடிப்பிடித்து, இடையில் உள்ளவற்றையெல்லாம் விரித்துக்கொண்டு வர வேண்டியிருக்கிறது. தடுக்கல் பெரும்பாலும் இங்கேதான் பிறக்கிறது.

அலுவலகங்கள் கழித்துவிட்டு, சென்னை ரிச்சி தெரு போன்ற சந்தைகளில் இரண்டாம் கையாக விலைபோகும் நான்காம் தலைமுறை ஐ5 கணினியை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். 2013-இல் அறிமுகமான அந்த பிராசஸரில் உள்ள சுற்றுக்கு எச்.264 தெரியும், எச்.265 தெரியாது. ஐபோன்களோ 2017-இல் வெளியான ஐஓஎஸ் 11 முதல் எச்.265-இல் பதியத் தொடங்கிவிட்டன. 2020-இல் வந்த ஐபோன் 12 முதல் எச்டிஆர் பதிவில் நிறங்களை நுணுக்கமாகப் பிரித்துக் காட்டும் 10 பிட் முறையும் சேர்ந்துகொண்டது. இன்டெல்லில் 10 பிட் எச்.265-ஐ முழுமையாக விரிக்கும் சுற்று ஏழாம் தலைமுறையில்தான் வந்தது என்பதால், அதற்கு முந்தைய கணினிகளில் இந்தப் பாரம் முழுவதும் பிராசஸரின் தலையில் விழுகிறது. இந்நிலையில் 2019-இல் வந்த ஜிடிஎக்ஸ் 1650 போன்ற எளிய கார்டுகூட, விரிக்கும் வேலையைத் தான் ஏற்றுக்கொண்டு, அதே பழைய கணினியில் காட்சியைச் சீராக ஓடச் செய்யும். ஆயினும் அந்த பிராசஸரை விண்டோஸ் 11 ஏற்பதில்லை, விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவும் 2025 அக்டோபரில் முடிந்துவிட்டது என்பதால், இவ்வளவு பழைய கணினிக்கு விலையுயர்ந்த கார்டு வாங்குவது தகாது.

கேமராவில் படம்பிடிப்போர் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். மனிதக் கண் ஒளி வேறுபாட்டை உணரும் அளவுக்கு நிற வேறுபாட்டை உணர்வதில்லை என்பதால், சாதாரணப் பதிவுகளில் நான்கு பிக்சல்களுக்கு ஒரு நிற மதிப்பே வைக்கப்படுகிறது. இதற்கு 4:2:0 என்று பெயர். நிறத்திருத்தத்துக்கு இடம் வேண்டும் என்று கேமராக்கள் தரும் 4:2:2 முறையில் இரண்டு பிக்சல்களுக்கு ஒரு நிற மதிப்பு உண்டு. என்விடியாவில் 2025-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக்கு முந்தைய எந்தக் கார்டும், அது எவ்வளவு விலையுயர்ந்ததாயினும், 4:2:2 காட்சியைச் சுற்றின் வழியே விரிக்காது. ஆனால் இன்டெல் பதினோராம் தலைமுறை பிராசஸரிலேயே இருக்கும் கிராபிக்ஸ், எச்.265-இல் பதிந்த 4:2:2 காட்சியை விரித்துவிடும். பெரிய கார்டு வாங்கியும் கேமராக் காட்சி மட்டும் தடுக்குகிறது என்று குழம்புவோர் பலருக்கு விளக்கம் இதுவே. அத்தகையோர் கார்டைப் பொருத்திய பிறகும் பிராசஸரின் உள்கிராபிக்ஸ் அணைந்துவிடாதபடி பயாஸ் அமைப்பில் அதை இயக்கிவைக்க வேண்டும். பெயரின் இறுதியில் எஃப் என்ற எழுத்து உள்ள இன்டெல் பிராசஸர்களில் அந்த உள்கிராபிக்ஸே கிடையாது.

காட்சியை விரிப்பதற்கு அடுத்து, கார்டின் இரண்டாவது வேலை, விரிந்த ஃபிரேம்களின் மீது நிறத்திருத்தம், மங்கலாக்கம், தலைப்பு, காட்சி மாற்றம் ஆகியவற்றைக் கணக்கிடுவது. கணக்கிகளின் எண்ணிக்கை பயன்படுவது இங்கேதான். அதைவிட முக்கியமானது கார்டிலேயே அமைந்த நினைவகமான விராம். நிறக்கணக்கில் பிழை சேராமலிருக்க மென்பொருள்கள் ஒவ்வொரு பிக்சலுக்கும் 16 பைட் வரை ஒதுக்குகின்றன என்பதால், 4கே ஃபிரேம் ஒன்று விராமில் ஏறக்குறைய 13 கோடி பைட், அதாவது 130 எம்பிக்கு மேல், இடம் பிடிக்கும். முன்பின் ஃபிரேம்களை ஒப்பிட்டுப் புள்ளி இரைச்சலை நீக்கும் விளைவுக்கு இப்படிப் பல ஃபிரேம்களை ஒருசேர வைத்திருக்க வேண்டும். 4 ஜிபி கார்டில் டாவின்சி ரிசால்வ் மென்பொருள் 'ஜிபியு மெமரி ஃபுல்' என்று சொல்லிப் பாதியில் நின்றுவிடுவதற்குக் காரணம் இதுவே. முழு எச்டி அளவில் வேலை செய்வோருக்கு 4 அல்லது 6 ஜிபி போதும், 4கே என்றால் 8 ஜிபியைக் கீழ்வரம்பாகக் கொள்ளலாம். 12 ஜிபி கொண்ட ஆர்டிஎக்ஸ் 3060 போன்ற கார்டு, 8 ஜிபி கொண்ட புதிய, வேகமான கார்டைவிட எடிட்டிங்கில் சில சமயம் மேலானதாக அமைவது இதனால்தான். எல்லா விளைவுகளும் கார்டில் ஓடுவதில்லை என்பதும் கவனத்துக்குரியது. பிரீமியரில் கைநடுக்கத்தைச் சரிசெய்யும் வார்ப் ஸ்டெபிலைசர் காட்சியை ஆராயும் வேலையை பிராசஸரே செய்கிறது; ரிசால்வ் ஏறக்குறைய எல்லாவற்றையும் கார்டிடமே ஒப்படைக்கிறது.

மூன்றாவது, முடிந்த படத்தை மீண்டும் சுருக்கி எழுதும் எக்ஸ்போர்ட். கடைக்காரர் சொல்லாமல் விடும் குறைகள் இங்கே உண்டு. மலிவாகக் கிடைக்கும் ஜிடி 1030 கார்டில் சுருக்கும் சுற்றே இல்லை. 2022 ஜனவரியில் வெளிவந்த ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டியிலும் அது நீக்கப்பட்டிருந்தது. விளையாட்டுக்கு ஓரளவு பயன்படும் அந்தக் கார்டு எக்ஸ்போர்ட்டில் சுருக்கும் வேலைக்குச் சற்றும் உதவாது. ஏவி1 முறையில் சுருக்க வேண்டுவோர் இன்டெல் ஆர்க், என்விடியா ஆர்டிஎக்ஸ் 40, ஏஎம்டி ஆர்எக்ஸ் 7000 ஆகிய, 2022-இல் தொடங்கிய வரிசைகளிலோ அவற்றுக்குப் பின் வந்தவற்றிலோ பார்க்க வேண்டும். பிராசஸர் பொறுமையாகச் சுருக்கும் கோப்பு, அதே அளவில் சற்றுத் தெளிவாக இருக்கும் என்பது உண்மை; ஆனால் யூடியூப் எந்தக் கோப்பையும் தானே மறுபடி சுருக்கிக்கொள்கிறது என்பதால், வீட்டுப் படத்துக்கு இந்த வேறுபாட்டைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

ஆகவே கடைக்குப் போகுமுன் கணினி எங்கே திணறுகிறது என்று பார்த்துவிடுவது நல்லது. விண்டோஸின் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தை ஒருபுறம் வைத்துக்கொண்டு, தடுக்கும் காட்சியை ஓட்டிப் பார்க்க வேண்டும். பிராசஸர் வரைபடம் உச்சியைத் தொட்டு நிற்க, ஜிபியு பகுதியில் வீடியோ டிகோட் என்ற வரைபடம் அசையாமல் கிடந்தால், விரிக்கும் சுற்று இல்லை அல்லது மென்பொருள் அதைப் பயன்படுத்தவில்லை என்று பொருள். இரண்டும் ஓய்ந்திருக்க வட்டு மட்டும் நூறு சதவீதத்தில் நின்றால் தேவைப்படுவது எஸ்எஸ்டி; 8 ஜிபி ராம் நிரம்பி வழிந்தால் தேவைப்படுவது இன்னொரு ராம். காசே செலவழிக்காத வழியும் ஒன்று உண்டு. பெரிய காட்சிகளுக்குச் சிறிய, எளிதில் விரியும் நகல்களை மென்பொருளே உருவாக்கி, எடிட்டிங் முழுவதையும் அவற்றில் நடத்தி, எக்ஸ்போர்ட்டின்போது மட்டும் மூலக் காட்சிகளுக்குத் திரும்பும் பிராக்ஸி முறை அது. ஓரிரு நிகழ்ச்சிகளை மட்டும் தொகுக்க நினைப்போர் முதலில் இதையே முயன்று பார்க்கலாம்.

கார்டுதான் வேண்டும் என்று தெளிந்த பின், அது கணினியில் வாழுமா என்பதைத் தீர்மானிப்பது எஸ்எம்பிஎஸ் என்னும் மின்வழங்கி. மதர்போர்டின் ஸ்லாட் அதிகபட்சம் 75 வாட் தரும். அதற்கு மேல் தேவைப்படும் கார்டுகளுக்கு எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து நேராக வரும் 6 முனை இணைப்பு மேலும் 75 வாட்டும், 8 முனை இணைப்பு 150 வாட்டும் தரக்கூடியவை. கேபினட்டோடு சேர்ந்து வரும் மலிவான எஸ்எம்பிஎஸ்ஸின் மேல் 450 வாட் என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தாலும், பார்க்க வேண்டியது ஒட்டுத்தாளில் 12 வோல்ட்டுக்கு நேரே உள்ள ஆம்பியர்தான்; அங்கே 18 என்றிருந்தால் கார்டும் பிராசஸரும் பங்கிட்டுக்கொள்ளக் கிடைப்பது 216 வாட் மட்டுமே. 170 வாட் கேட்கும் ஆர்டிஎக்ஸ் 3060-ஐ அங்கே பொருத்தினால் எக்ஸ்போர்ட்டின் நடுவில் கணினி அணைந்துபோகும். சில அலுவலகக் கணினிகளில் எஸ்எம்பிஎஸ்ஸின் வடிவமும் மதர்போர்டு இணைப்பும் நிறுவனத்தின் தனி அமைப்பு என்பதால் அதை மாற்றவும் இயலாது. அவற்றுக்கு ஸ்லாட் மின்சாரத்திலேயே ஓடும் ஜிடிஎக்ஸ் 1650, 70 வாட் மட்டும் கேட்கும் 6 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3050 போன்றவையே வழி. ஒல்லியான கேபினட் என்றால் அவற்றிலும் உயரம் குறைந்த வடிவமைப்பையே தேட வேண்டும். மின்தடைக்கென யூபிஎஸ் வைத்திருப்போர் அதன் அளவையும் கூட்டிப் பார்க்க வேண்டும். வீடுகளில் பரவலாக உள்ள 600 விஏ யூபிஎஸ் பொதுவாக 360 வாட் அளவே தாங்கும்.

ஸ்லாட்டைப் பற்றிய கவலை அவ்வளவு தேவையில்லை. பிசிஐ எக்ஸ்பிரஸ் இணைப்பின் தலைமுறைகள் ஒன்றுக்கொன்று பொருந்துபவை; புதிய கார்டு பழைய ஸ்லாட்டில் சற்று மெதுவாக இயங்கும், அவ்வளவே. இன்டெல் ஆர்க் கார்டுகள் மட்டும் இதற்கு விலக்கு. விராம் முழுவதையும் பிராசஸர் ஒரே மூச்சில் அணுகவிடும் ரீசைசபிள் பார் வசதி இல்லாவிட்டால் அவை பெரிதும் தளர்ந்துவிடும் என்பதால், இன்டெல் பத்தாம் தலைமுறைக்கு முந்தைய கணினிகளுக்கு அவற்றை வாங்காமலிருப்பதே நல்லது.

பழைய கார்டு வாங்குவோர் எச்சரிக்கையாக இருக்கக் காரணம் உண்டு. எதீரியம் என்னும் மின்நாணயம் 2022 செப்டம்பரில் தன் முறையை மாற்றி, கார்டுகளைக் கொண்டு நாணயம் ஈட்டும் வழியை அடைத்ததும், இரவுபகலாக ஓடிய கார்டுகள் ஏராளமாகச் சந்தைக்கு வந்தன. அவை எல்லாம் கெட்டவை என்று ஒதுக்க வேண்டியதில்லை. விசிறி தேய்ந்திருக்கும், வெப்பப்பசை உலர்ந்திருக்கும், இரண்டையும் மாற்றிக்கொள்ளலாம். அஞ்ச வேண்டியது, பழைய கார்டுக்குள் பொய்த் தகவலை எழுதிப் புதிய பெயரில் விற்கும் போலிக் கார்டுகளுக்கே. ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளை விற்பவரின் கணினியிலேயே ஓட்டி, சில்லின் பெயர், விராம் அளவு, சுற்று வசதிகள் ஆகியவற்றைச் சரிபார்த்து, கால் மணிநேரமாவது 4கே காட்சி ஒன்றை எக்ஸ்போர்ட் செய்யவைத்துப் பார்த்த பிறகே பணம் கொடுக்க வேண்டும்.

பொருத்துவது எளிது. மின்இணைப்பை முழுவதும் துண்டித்து, கேபினட்டின் உலோகப் பகுதியைத் தொட்டு உடலின் நிலைமின்னை இறக்கி, ஸ்லாட்டின் கொக்கி சொடுக்கும் வரை கார்டை நேராக அழுத்தி, திருகைப் பூட்ட வேண்டும். மானிட்டர் கேபிளைப் பழக்கதோஷத்தில் மதர்போர்டிலேயே செருகிவிடாமல் கார்டில் செருக வேண்டும். பழைய கார்டின் டிரைவரை முன்கூட்டியே நீக்கிவிட்டு, உற்பத்தியாளர் தளத்திலிருந்து புதிய டிரைவரை இறக்கி நிறுவ வேண்டும். என்விடியாவில் விளையாட்டுக்கான டிரைவரைவிட ஸ்டுடியோ டிரைவரே எடிட்டிங்குக்கு ஏற்றது. இவ்வளவும் செய்த பின், பிரீமியரின் புராஜெக்ட் செட்டிங்ஸில் ரெண்டரர் என்ற இடத்தில் ஜிபியு முடுக்கமும், எக்ஸ்போர்ட் பக்கத்தில் ஹார்டுவேர் என்கோடிங்கும், ரிசால்வில் மெமரி அண்ட் ஜிபியு பக்கத்தில் புதிய கார்டின் பெயரும் தேர்வாகியுள்ளனவா என்று பார்த்து, முன்பு தடுக்கிய அதே காட்சியை டாஸ்க் மேனேஜரைத் திறந்துவைத்து மறுபடி ஓட்டினால், வீடியோ டிகோட் வரைபடம் எழுவதும் பிராசஸர் வரைபடம் தாழ்வதும் கண்ணுக்குத் தெரியும்.