பகடை எழுதும் தலையெழுத்து

சேலம், நாமக்கல் பக்கத்தில் புளியங்கொட்டைக்குப் பஞ்சமில்லை. நான்கு கொட்டைகளை ஒருபுறம் வெள்ளை தெரியத் தேய்த்துவிட்டால் தாயம் ஆடலாம். குலுக்கிப் போட்டால் அவை 16 வகையாக விழக்கூடும். நான்கும் வெள்ளையாக விழ ஒரே வழி. இரண்டு மட்டும் வெள்ளையாக விழவோ 6 வழிகள்!

அமெரிக்காவில் 1974-இல் வெளிவந்த 'டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்' விளையாட்டில் ஒவ்வொருவரும் ஒரு கதைமாந்தராக ஆடுவர். அம்மாந்தரின் வலிமை, அறிவு முதலிய 6 திறன்களையும் பகடையே முடிவு செய்தது. திறன் ஒன்றுக்கு மூன்று பகடைகளை உருட்டிக் கூட்டினர். 3 முதல் 18 வரை எழுதிய சீட்டுகளில் ஒன்றை எடுத்தால் போதாதா? சீட்டில் 18 வரும் வாய்ப்பு 16-இல் ஒன்று. பகடையில் 216-இல் ஒன்றுதான்! 10 அல்லது 11 வருவதற்கோ 54 வழிகள். அதாவது கால் பங்கு.

பல சிறு தற்செயல்கள் கூடும்போது நடு எண்களே மிகும். வகுப்பில் மிக நெட்டையரும் மிகக் குட்டையரும் சிலராகவே இருப்பதும் இவ்வாறுதான். பல சிறு காரணங்கள் கூடியே உயரம் அமைகிறது.

ஆனால், இரு புறமும் சமவாய்ப்புடன் விழும் கொட்டைக்கே நம் கணக்கு பொருந்தும். 160 முறை போட்டுப் பாருங்கள். இரண்டு வெள்ளை ஏறத்தாழ 60 முறை வரவேண்டும். வெகுவாக விலகினால், குறை கணக்கில் இல்லை, கொட்டையில்!