கருவில் குறையும் வளர்ச்சி. காலமெல்லாம் குறையும் மூச்சு

பெங்களூரு: நடுத்தர வயதில் மூச்சுத் திணறலுடன் வருவோரிடம், "புகைபிடிப்பீர்களா?" என்று மருத்துவர்கள் கேட்பது வழக்கம். பிறந்தபோது இருந்த எடையைக் கேட்பது அரிது. ஆனால், நுரையீரலின் திறனில் ஒரு பங்கு தாயின் வயிற்றிலேயே முடிவாகிவிடுகிறது என்பதற்கான சான்று கர்நாடகத்திலேயே கிடைத்துள்ளது.

மைசூருப் பதிவேடு

மைசூரு ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனையில் 1934-ஆம் ஆண்டிலிருந்தே குழந்தைகளின் பிறப்பு எடை, நீளம், தலைச் சுற்றளவு ஆகியவை குறித்து வைக்கப்பட்டன. 1934 முதல் 1953 வரை அங்கு பிறந்தவர்களில் 286 பேரை, அவர்களின் 38 முதல் 59 வயதில் தேடிக் கண்டறிந்து ஆய்வாளர்கள் மூச்சுத் திறனைச் சோதித்தனர். பிறப்பு எடை குறையக் குறைய, ஒரு விநாடியில் வெளியேற்றக்கூடிய காற்றின் அளவும் குறைந்திருந்தது. ஆண்களிடம், பிறப்பு எடையில் ஒவ்வொரு பவுண்டு (454 கிராம்) குறைவுக்கும் சுமார் 90 மில்லி லிட்டர் காற்று குறைந்தது. பெண்களிடமும் அதே போக்கு தென்பட்டது. 'தொராக்ஸ்' இதழில் 1997-இல் இம்முடிவுகள் வெளியாயின. இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்டுஷயரில் டேவிட் பார்க்கர் குழுவினர் 1991-இல் கண்டதும் இதுவே.

நேர்வது என்ன?

மூச்சுக் குழாயின் கிளைகள் கர்ப்பத்தின் முற்பாதியிலேயே உருவாகிவிடுகின்றன. காற்று நுண்ணறைகள் கர்ப்பத்தின் இறுதி வாரங்களிலும், பிறந்த பின் முதல் சில ஆண்டுகளிலும் பெருகுகின்றன. நஞ்சுக்கொடி வழியே உணவும் ஆக்சிஜனும் போதிய அளவு கிடைக்காதபோது, கரு தன் ரத்தத்தை மூளைக்கே முதலில் அனுப்புகிறது. அதற்கான விலையைப் பிற உறுப்புகள் தருகின்றன. இவ்வாறு வளர்ச்சி குன்றிப் பிறந்த ஆட்டுக்குட்டிகளின் நுரையீரலில் நுண்ணறைகள் குறைந்தும், காற்றுக்கும் ரத்தத்துக்கும் இடையிலான சுவர் தடித்தும் இருந்தன.

எடை குறைந்து பிறந்தோர் அனைவரும் நோயாளிகளாவதில்லை. எனினும், கையிருப்பு குறைந்த நுரையீரலை விறகடுப்புப் புகையும், சாலைப் புழுதியும், பீடியும் விரைவில் நலியச் செய்கின்றன.

தட்டில் இருக்கும் அரசியல்

பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் ஆய்வாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ரத்தத்தில் வைட்டமின் பி12 குறைந்த கர்ப்பிணிகளுக்கு வளர்ச்சி குன்றிய குழந்தை பிறக்கும் வாய்ப்பு அதிகம் எனத் தெரியவந்தது. இச்சத்து பால், முட்டை, மீன், இறைச்சியிலிருந்து கிடைப்பது. கர்நாடக அரசு 2017-இல் தொடங்கிய மாத்ருபூர்ணா திட்டம், அங்கன்வாடிகளில் கர்ப்பிணிகளுக்குச் சூடான மதிய உணவுடன் பாலும் முட்டையும் வழங்க வகை செய்தது. முட்டை வேண்டுமா, வேண்டாமா என்று நடக்கும் வாதங்களில் கருவின் நலன் பேசப்படுவதில்லை.

தேசிய குடும்ப நல ஆய்வின்படி (2019-21), எடை பதிவான குழந்தைகளில் 18 சதவீதத்தினர் 2.5 கிலோவுக்கும் குறைவாகப் பிறந்தவர்கள். கர்ப்பிணிகளில் 52 சதவீதத்தினருக்கு ரத்தசோகை.

2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், அரசு ஊழியர்கள் போன்றோர் நீங்கலாக, கர்ப்பிணி ஒவ்வொருவருக்கும் ரூ.6,000-க்குக் குறையாத உதவித்தொகையை உரிமையாக்கியது. ஆனால், 2017-இல் வந்த பிரதம மந்திரி மாத்ரு வந்தனா திட்டம் அதை முதல் குழந்தைக்கு மட்டும் ரூ.5,000 எனச் சுருக்கியது. 2022 முதல் இரண்டாவது குழந்தைக்கும் ரூ.6,000 உண்டு, அதுவும் பெண்ணாக இருந்தால் மட்டுமே. கருவில் வளர்வது ஆணா, பெண்ணா என்று பார்த்துப் பசி வருவதில்லை. மூச்சு நோய்த் தடுப்பு கர்ப்பிணியின் தட்டிலிருந்து தொடங்குவதாயின், சட்டம் அளித்த உரிமையை முழுமையாக வழங்குவதே அதன் முதல் படியாகும்.